மாத்திரைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது ஆய்வு ஒன்று வந்ததும் ஒரு மருந்தைப் புகழ்கிறார்கள், இன்னொன்றை நிறுத்தச் சொல்கிறார்கள், யாருக்கு எந்த நோய் வரும் என்பதைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும் என்கிறார்கள். இந்தச் செய்திகளைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. ஒரு வேண்டுகோள்: இதைப் படித்துவிட்டு, எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் அதுவே ஆபத்தில் போய் முடியும்.

"ஆபத்து 30 சதவீதம் குறைந்தது" என்று போடுகிறார்களே, எனக்கு எவ்வளவு குறையும்?

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எதில் 30 சதவீதம் என்று தெரிந்தாக வேண்டும்.

1994-ல் வெளிவந்த 4எஸ் என்ற ஸ்காண்டிநேவிய ஆய்வைப் பார்க்கலாம். ஏற்கெனவே மாரடைப்போ இதயம் சார்ந்த நெஞ்சுவலியோ வந்த 4,444 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையும் மறுபாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகக் கவனித்ததில் போலி மாத்திரைக்காரர்களில் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 182 பேர். சதவீதமாகப் பார்த்தால் 11.5, 8.2. இதை "இறப்பு 30 சதவீதம் குறைந்தது" என்றும் சொல்லலாம், "100 பேரில் சுமார் 3 பேர் பிழைத்தார்கள்" என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மைதான். தலைப்புப் போடுகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

இதையே வேறு விதமாகச் சொன்னால், 30 பேர் ஐந்து ஆண்டு மாத்திரை எடுத்தால் ஓர் உயிர் கூடுதலாக மிஞ்சும். அவர்கள் ஏற்கெனவே இதய நோயாளிகள் என்பதால் இது மிக நல்ல கணக்கு. இப்போது எந்த நோயும் இல்லாத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே காலத்தில் அவருக்கு ஆபத்து 100-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை அதே 30 சதவீதத்தைக் குறைத்தாலும் 1 என்பது 0.7 ஆகும், அவ்வளவுதான். ஒருவருக்குப் பயன் கிடைக்க 300 பேருக்கு மேல் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை மாறவில்லை, சாப்பிடுகிற ஆள்தான் வேறு. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கின்றன.

சரி, என்னுடைய சொந்த ஆபத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இதற்கு வேர் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் இருக்கிறது. 1948-ல் அங்கே 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு, யாருக்கு இதய நோய் வருகிறது, வருவதற்கு முன் அவர்களிடம் என்ன இருந்தது என்று பல பத்தாண்டுகள் கவனித்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றை நாம் இன்று ஒரே மூச்சில் சொல்வதற்கு அந்த ஊர்க்காரர்களும் காரணம்.

அதே வழியில் இன்னும் பெரிய தரவுகளை வைத்துக் கணிப்பான்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பிரிட்டனில் க்யூரிஸ்க், ஐரோப்பாவில் 2021-ல் வந்த ஸ்கோர்2, அமெரிக்காவில் 2023-ல் வந்த பிரிவென்ட். வயது, பாலினம், ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றிலும் உண்டு. பிரிவென்ட் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டது, இனம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டது. க்யூரிஸ்க் நேர்மாறாக, தெற்காசிய வம்சாவளியினருக்கு ஆபத்தைத் தனியாகக் கூட்டிக் கணக்கிடுகிறது. எது சரி என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் முழு உடன்பாடு இல்லை.

கணிப்பான் "12 சதவீதம்" என்று காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

உங்களைப் போன்ற வயது, அழுத்தம், கொழுப்பு உள்ள 100 பேரை 10 ஆண்டு கவனித்தால் சுமார் 12 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும், 88 பேருக்கு வராது. அந்த 12 பேரில் நீங்கள் இருப்பீர்களா என்று எந்தக் கணிப்பானாலும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்குகளில் வயதுக்குத்தான் எடை அதிகம். எல்லா அளவும் ஒழுங்காக இருக்கும் 75 வயதுக்காரருக்குக் கூட எண் பெரிதாக வரும். கண்டபடி புகைக்கும் 35 வயதுக்காரருக்குச் சின்னதாக வரும். அவர் அதைப் பார்த்து நிம்மதியடைந்தால் அது தவறான நிம்மதி. அவருக்குப் பத்து ஆண்டுக் கணக்கை விட முப்பது ஆண்டுக் கணக்குதான் பொருத்தம். பிரிவென்ட் அதையும் தருகிறது.

ஒரே ஆளுக்கு இரண்டு கணிப்பான்கள் இரண்டு விடை தருகின்றன. எதை நம்புவது?

முதலில் இரண்டும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மட்டும் எண்ணும், இன்னொன்று இதயச் செயலிழப்பையும் சேர்த்து எண்ணும். அப்புறம், எந்தக் காலத்து மக்களிடமிருந்து அது கற்றுக்கொண்டது என்பது முக்கியம். அமெரிக்காவில் 2013-ல் வந்த பழைய சமன்பாடுகள் பலருக்கு ஆபத்தைக் கூட்டிக் காட்டின. புகைப்பவர்கள் குறைந்து, சிகிச்சை மேம்பட்டுவிட்ட காலத்தில் அந்தப் பழைய அளவுகோல் பொருந்தவில்லை. புதிய பிரிவென்ட் அதே ஆட்களுக்கு ஏறக்குறையப் பாதி எண்ணைக் காட்டுகிறது.

ஆனால் "இத்தனை சதவீதத்துக்கு மேல் மாத்திரை" என்ற கோட்டைக் கணிப்பான் போடுவதில்லை, மனிதர்கள் போடுகிறார்கள். பிரிட்டனின் வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2014-ல் ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரைகளுக்கான கோட்டை 20 சதவீதத்திலிருந்து 10-க்கு இறக்கியது. ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் மாத்திரைக்குத் தகுதியானவர்கள் ஆனார்கள். அவர்கள் யாருடைய உடம்பிலும் அன்று எந்த மாற்றமும் நடக்கவில்லை. மாத்திரை விலை குறைந்ததும் பாதுகாப்பு பற்றிய சான்றுகள் சேர்ந்ததும்தான் பின்னணி. கோட்டுக்கு அரை சதவீதம் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் சரியாகச் சொல்லிவிடாதா?

சில வேலைகளில் நன்றாகவே செய்கிறது. ஆனால் நோயாளியின் ஆபத்தைக் கணிப்பதில் அது சறுக்கிய மூன்று இடங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

1990-களில் நிமோனியா வந்தவர்களில் யார் இறக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று கணிக்கக் கணினிக்குப் பழைய மருத்துவமனைப் பதிவுகளைக் கொடுத்தார்கள். அது கண்டுபிடித்த விதிகளில் ஒன்று, ஆஸ்துமா இருந்தால் இறக்கும் ஆபத்து குறைவு என்பது. எந்த டாக்டரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். தோண்டிப் பார்த்தால், ஆஸ்துமா உள்ள நிமோனியா நோயாளிகளை நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கவனிப்பால்தான் அவர்கள் பிழைத்தார்கள். கணினி தரவில் இருந்ததைச் சரியாகத்தான் படித்தது. அதை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். அங்கே சோதித்தவற்றில் மிகத் துல்லியமாகக் கணித்த நிரலோ, உள்ளே எப்படி யோசிக்கிறது என்று பார்க்க முடியாத ஒன்று. அதில் இதுபோல் இன்னும் என்னென்ன ஒளிந்திருக்குமோ என்று அதைப் பயன்படுத்தாமலே விட்டார்கள்.

இரண்டாவது, அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாக இருந்த எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் எச்சரிக்கை. செப்சிஸ் என்பது தொற்று உடம்பு முழுவதையும் தாக்கி உறுப்புகளைச் செயலிழக்க வைக்கும் நிலை. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் வெளியாட்கள் அதைச் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டிருந்தது. போதாக்குறைக்கு, அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு மணி அடித்திருந்தது. நாள் முழுக்க அடிக்கும் மணியை நர்ஸ்கள் எத்தனை முறை ஓடிவந்து பார்ப்பார்கள்?

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்கும் ஒரு கணிப்பான், நோயின் தீவிரத்துக்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்தது. அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்குக் குறைவாகவே செலவு செய்யப்பட்டு வந்தது. அதனால் அவர்கள் நோயால் அதிகம் அவதிப்பட்டபோதும் கணிப்பான் "இவருக்குத் தேவை குறைவு" என்றது. 2019-ல் வந்த ஆய்வின்படி, இந்தக் கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாகும். தவறு கணிதத்தில் நடக்கவில்லை. எதைக் கணிக்கச் சொல்கிறோம் என்பதில் நடந்தது.

அதனால் ஒரு கணிப்பானைப் பற்றிப் படித்தால் நான் முதலில் தேடுவது, அதை உருவாக்கியவர்கள் அல்லாத யாராவது, வேறு ஊரில், வேறு நோயாளிகளிடம் சோதித்தார்களா என்பதை. கோவிட் தொடங்கிய ஆண்டில் வந்த 232 கணிப்பு மாதிரிகளை ஒரு குழு அலசியது. ஏறக்குறைய எல்லாமே பலவீனமான முறையில் செய்யப்பட்டவை என்று முடிவானது.

ரத்தப் பரிசோதனையிலும் இ.சி.ஜி.யிலும் எல்லாம் சரியாகிவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே பொருள்?

பெரும்பாலும் ஆம். எப்போதும் இல்லை. இதற்கு மருத்துவ உலகம் கொடுத்த விலை பெரிது.

மாரடைப்புக்குப் பிறகு இதயத்தில் தாறுமாறான கூடுதல் துடிப்புகள் வருபவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. எனகைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளை அடக்கின. துடிப்பு அடங்கினால் ஆளும் பிழைப்பார் என்று நம்பி டாக்டர்கள் எழுதிக்கொடுத்து வந்தார்கள். கேஸ்ட் என்ற ஆய்வு அதைச் சோதித்தது. முதலில், மருந்துக்குத் துடிப்பு அடங்குகிறதா என்று பார்த்து, அடங்கியவர்களை மட்டுமே சேர்த்தார்கள். அதாவது மருந்துக்குச் சாதகமான ஆட்கள். 755 பேருக்கு மருந்து, 743 பேருக்குப் போலி மாத்திரை. சராசரி பத்து மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் 63 பேர் இறந்திருந்தார்கள், போலி மாத்திரை எடுத்தவர்களில் 26 பேர். ஆய்வை 1989-லேயே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. காகிதத்தில் கோடு அழகாக ஓடியபடி இருக்க, ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள்.

ஆகவே ஓர் ஆய்வைப் படிக்கும்போது அவர்கள் எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். உயிர், மாரடைப்பு, பக்கவாதம், மருத்துவமனையில் சேர்தல், நடமாட முடிவது ஆகியவை நோயாளிக்கு நேரடியாகப் புரிகிற விளைவுகள். ஆய்வகத்து எண் அவற்றுக்கான பதிலி மட்டுமே. ரத்த அழுத்தம், எல்.டி.எல். கொழுப்பு போன்றவை நல்ல பதிலிகள் என்று பல ஆய்வுகளில் தேறிவிட்டன. புதிதாக வரும் ஒவ்வொன்றும் தேற வேண்டும்.

நோயாளி "எனக்கு இப்படி இருக்கிறது" என்று சொல்வதெல்லாம் ஆய்வில் எடுபடுமா?

எடுபடும். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்த 766 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. ஒரு குழுவினர் குமட்டல், வலி, மூச்சுத்திணறல் போன்றவற்றைக் கணினி வழியாகத் தவறாமல் பதிவு செய்தார்கள். நிலைமை மோசமானால் நர்சுக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. பதிவு செய்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. ஐந்து மாதம் கூடுதல். புதிய புற்றுநோய் மருந்து ஒன்று இவ்வளவு ஆயுளைக் கூட்டினால் தலைப்புச் செய்தியாக வரும்.

ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவர வேண்டுமா, 140 போதுமா?

2015-ல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வு 9,361 பேரிடம் இந்த இரண்டையும் ஒப்பிட்டது. 120-க்குக் கீழே வைக்க முயன்ற குழுவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை ஆண்டுக்கு 1.65 சதவீதம், மற்றக் குழுவில் 2.19. இறப்பும் குறைந்தது. கூடவே மயக்கம், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவது, சிறுநீரகத்துக்குத் திடீர் பாதிப்பு ஆகியவை கூடின.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்பிரிண்டில் நோயாளியை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் பலமுறை அளந்து சராசரி எடுத்தார்கள். மாடிப்படி ஏறி வந்து, வரிசையில் நின்று, பேசிக்கொண்டே கையை நீட்டி எடுக்கும் அளவு அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அந்த எண்ணை ஸ்பிரிண்டின் 120-க்கு இழுத்துக்கொண்டு வர மாத்திரையை ஏற்றினால், நிஜ அழுத்தம் எங்கே போய் நிற்கும்? சர்க்கரை நோயாளிகள் அந்த ஆய்வில் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முன்பு ஆஸ்பிரின் நல்லது என்றார்கள், இப்போது வேண்டாம் என்கிறார்கள். இவர்களை எப்படி நம்புவது?

மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் நல்லது என்பதை யாரும் மாற்றிச் சொல்லவில்லை. வராதவர்கள் முன்னெச்சரிக்கையாக எடுப்பதில்தான் நிலை மாறியது. ஆஸ்ப்ரீ என்ற ஆய்வில் பெரும்பாலும் 70 வயது தாண்டிய 19,114 ஆரோக்கியமான முதியவர்கள் கலந்துகொண்டார்கள். 2018-ல் வந்த முடிவின்படி, ஊனமோ மறதி நோயோ இல்லாமல் வாழும் காலம் ஆஸ்பிரினால் நீளவில்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 2.8 சதவீதத்திலிருந்து 3.8 ஆனது. முதல் பதிலில் பார்த்த கணக்குதான் இது. ஆபத்து குறைவாக இருப்பவருக்குப் பயன் சுருங்கிவிடும், ரத்தக்கசிவு அதே அளவில் நிற்கும்.

மாரடைப்புக்குப் பின் கொடுக்கும், நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் இப்போது இந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. அடைப்பை உடனே திறந்துவிடும் சிகிச்சையெல்லாம் வருவதற்கு முந்தைய காலத்து ஆய்வுகளை நம்பி, எல்லோருக்கும் பல ஆண்டுகள் கொடுத்து வந்தோம். 2024-ல் வந்த ரெட்யூஸ்-ஏஎம்ஐ, இதயம் நன்றாகச் சுருங்கி விரியும் 5,020 பேரைக் கவனித்தது. மருந்து எடுத்தவர்களில் 7.9 சதவீதத்தினரும் எடுக்காதவர்களில் 8.3 சதவீதத்தினரும் இறந்தார்கள் அல்லது மறுபடி மாரடைப்பு வந்து அவதிப்பட்டார்கள். வித்தியாசம் இல்லை என்றே கொள்ளலாம். 2025-ல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் நடந்த ரீபூட் ஆய்வும் பயனில்லை என்றது. அதே நேரத்தில் டென்மார்க்கிலும் நார்வேயிலும் நடந்த ஆய்வு ஓரளவு பயன் உண்டு என்றது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிரித்துப் பார்த்தபோது, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் லேசாகக் குறைந்தவர்களுக்கு, அதாவது 40 முதல் 49 சதவீதம் இருப்பவர்களுக்கு, உதவுவது தெரிந்தது. உங்கள் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் அந்த எண் இருக்கும். டாக்டரிடம் பேசும்போது அதை எடுத்துப் போங்கள். இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் நாடித்துடிப்பும் அழுத்தமும் எகிறலாம் என்பதால், நிறுத்துவதென்றாலும் படிப்படியாகத்தான்.

ஒரே நோய்க்கு ஒரே மருந்து, ஒருவருக்கு உதவி, இன்னொருவருக்குக் கெடுதலா?

கோவிட் காலத்து ரெக்கவரி ஆய்வைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான, பழைய ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கும் உதவியது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் மருந்து எடுத்தவர்கள் 17.8 சதவீதம், எடுக்காதவர்கள் 14 சதவீதம் இறந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், ஆனால் பயன் எதுவும் தென்படவில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று காய்ச்சல் வந்த முதல் நாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் இந்தக் கடைசிக் குழுவைச் சேர்ந்தவர்கள்.

ஆனால் ஆட்களைக் கூறுபோட்டுக்கொண்டே போனால் வேடிக்கைகளும் வரும். மாரடைப்பின்போது ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று நிறுவிய ஐசிஸ்-2 ஆய்வில், 1988-ல், ஆய்வாளர்களே குறும்பாக ராசிவாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். மிதுன, துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பயன்படவில்லை! 17,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், ஏதாவது ஒரு துண்டில் ஏதாவது ஒன்று தட்டுப்படும். ஆய்வு தொடங்கும் முன்பே "இவர்களைத் தனியாகப் பார்ப்போம்" என்று எழுதிவைத்த பிரிவா, முடிந்த பின் தேடிப் பிடித்ததா என்பதுதான் கேட்க வேண்டியது.

கொழுப்பு மாத்திரை போட்டால் உடம்பெல்லாம் வலிக்கிறது. டாக்டர் நம்ப மாட்டேன் என்கிறார்.

வலி நிஜம். மருந்துதான் காரணமா என்பது வேறு கேள்வி. சாம்சன் என்ற சின்ன ஆய்வு 2020-ல் இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. பக்க விளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரிடம் 12 பாட்டில்கள் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் போலி மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒன்று, எது எப்போது என்பது குலுக்கலில். தினமும் தொல்லைக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். காலி பாட்டில் மாதங்களில் தொல்லை குறைவு. மாத்திரை மாதங்களில் அதிகம், ஆனால் ஸ்டாட்டினுக்கும் போலிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. ஸ்டாட்டினால் வந்ததாக நினைத்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்களில் பாதிப்பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள். உண்மையான தசைப் பாதிப்பு அரிதாக உண்டு. கடுமையான வலி, பலவீனம், சிறுநீர் கறுத்துப் போவது என்று இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

உடல் எடை ஊசி இதயத்துக்கும் நல்லதாமே?

செலக்ட் ஆய்வு, 2023. சர்க்கரை நோய் இல்லாத, எடை கூடிய, ஏற்கெனவே இதய அல்லது ரத்தக்குழாய் நோய் உள்ள 17,604 பேர். செமாக்ளூடைடு ஊசி போட்டவர்களில் 6.5 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதய நோயால் மரணம் நேர்ந்தது. பக்க விளைவுகளால் நிறுத்தியவர்கள் 16.6 சதவீதம், போலி ஊசியில் 8.2. இதய நோய் இல்லாமல் எடை மட்டும் கூடியவருக்கு இந்த 1.5 சதவீதத்தைத் தூக்கிக் கொடுக்க முடியாது. அவர் இந்த ஆய்வில் இல்லை.

என் அம்மா தினம் ஒன்பது மாத்திரை சாப்பிடுகிறார். குறைக்க முடியாதா?

பல நேரங்களில் முடியும். சமீப காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சிப் பகுதி இதுதான்.

மாத்திரைகள் எப்படிக் கூடுகின்றன என்று பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள். சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். அதைப் புது நோயாக எடுத்துக்கொண்டு இன்னொருவர் நீர் இறக்கும் மாத்திரை எழுதுகிறார். அதனால் பொட்டாசியம் குறைகிறது, அதற்கு ஒரு சிரப். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து எழுந்து தூக்கம் கெடுகிறது, அதற்கு ஒரு தூக்க மாத்திரை. தூக்க மாத்திரை மயக்கத்தில் ஒரு நாள் பாத்ரூமில் விழுகிறார். ஒவ்வொரு டாக்டரும் தன் பங்கை முறையாகவே செய்திருக்கிறார். முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் பின்னால் வந்த மூன்றும் வந்திருக்காது.

முதியவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை 1991-ல் பியர்ஸ் என்ற டாக்டர் பட்டியல் போட்டார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது, 2023-லும் புதுப்பித்தது. நிறுத்த வேண்டியவை, விட்டுப்போனதால் தொடங்க வேண்டியவை என்று இரண்டையும் சொல்லும் ஸ்டாப்-ஸ்டார்ட் பட்டியல் அயர்லாந்தில் பிறந்தது.

கனடாவில் நடந்த எம்பவர் ஆய்வு 2014-ல் வந்தது. நீண்ட காலம் பென்சோடயசபின் வகைத் தூக்க மாத்திரை எடுத்துவந்த முதியவர்களுக்கு ஒரு சிறு கையேட்டை அனுப்பினார்கள். இந்த மாத்திரையின் ஆபத்துகள், படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை, டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ பேசுங்கள் என்ற அறிவுரை, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் 27 சதவீதத்தினர் முழுக்க விட்டிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம். இதையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம், எனவே அந்த அட்டவணைதான் கையேட்டின் உயிர்நாடி.

செய்ய வேண்டியது இது: கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஒவ்வொன்றையும் காட்டி "இது எதற்கு, இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். ஒரே நாளில் நான்கை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றாகக் குறைத்தால்தான் எது எதைச் செய்தது என்று தெரியும். வலி மாத்திரையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சில அழுத்த மாத்திரைகளும் நீர் மாத்திரையும் எடுப்பவர் இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம்.

ஆன்டிபயாட்டிக் 14 நாள் சாப்பிட்டே ஆக வேண்டுமா?

பல தொற்றுகளில் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ரத்தத்திலேயே கிருமி பரவிய 3,608 பேரிடம் 7 நாளையும் 14 நாளையும் ஒப்பிட்ட பேலன்ஸ் ஆய்வில், 90 நாளுக்குள் இறந்தவர்கள் முறையே 14.5, 16.1 சதவீதம். குறைந்த நாள் சளைக்கவில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. காசநோய்க்கு இது சற்றும் பொருந்தாது. உங்களுக்கு எத்தனை நாள் என்பதை எழுதியவரிடம் கேளுங்கள்.

மரபணு பார்த்து மருந்து கொடுப்பது வந்துவிட்டதா?

வந்துகொண்டிருக்கிறது. ஏழு ஐரோப்பிய நாடுகளில் 12 மரபணுக்களைப் பார்த்து மருந்தையோ அளவையோ மாற்றிய பிரிபேர் ஆய்வு, 2023. மரபணு முடிவால் மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டியிருந்தவர்களில் குறிப்பிடத்தக்க பக்க விளைவு 27.7 சதவீதத்திலிருந்து 21 ஆனது. வலிப்பு மருந்தான கார்பமசெபின் சில ஆசிய வம்சாவளியினருக்குத் தோலையே உரித்துவிடும் கடும் ஒவ்வாமையைத் தருவதற்கும் ஒரு மரபணு வகை காரணம். அதைத் தொடங்கும் முன் பரிசோதிக்கலாம்.

லட்சக்கணக்கானோரின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வுகள் குலுக்கல் ஆய்வைவிடப் பெரியவை ஆயிற்றே?

பெரியவைதான். ஆனால் அங்கே யார் மருந்து எடுப்பது என்பதை யாரும் குலுக்கிப் போடவில்லை. 1980-ல் ஒரு பழைய இதய ஆய்வின் தரவை அலசியபோது, மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களில் ஐந்து ஆண்டில் 15 சதவீதமும் ஒழுங்காக எடுக்காதவர்களில் 28 சதவீதமும் இறந்திருந்தார்கள். இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? நான் சொல்வது போலி மாத்திரை எடுத்த குழுவைப் பற்றி. மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறவர்கள் மற்றதையும் ஒழுங்காகச் செய்கிறவர்கள். சாப்பிடுவது, நடப்பது, செக்கப் போவது எல்லாம் அதில் சேரும். பதிவேட்டு ஆய்வில் இந்தப் பெருமையெல்லாம் மருந்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று நம்பியதும் இப்படித்தான். 2002-ல் 16,608 பெண்களிடம் நடந்த குலுக்கல் ஆய்வு, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் ஆண்டுக்கு 10,000 பெண்களில் இதய நோய் 7, பக்கவாதம் 8, மார்பகப் புற்றுநோய் 8 கூடுவதாகக் காட்டியது. அன்று எழுந்த பயமும் அளவுக்கு மீறியதுதான். 10,000-க்கு 8 என்பதை யாரும் நின்று படிக்கவில்லை, கடுமையான உடல் வெப்பத்தால் தவித்த பெண்கள் கூட மாத்திரையை விட்டார்கள்.

பதிவேட்டு ஆய்வுகள் வீண் என்று சொல்லவில்லை. அரிதான பக்க விளைவைப் பிடிக்கவும், மருந்து கடைக்கு வந்த பின் கண்காணிக்கவும் அவைதான் வேண்டும்.

ஒரு ஆய்வை நானே எப்படிச் சரிபார்ப்பது?

பெரிய ஆய்வுகள் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவாகின்றன. அமெரிக்காவின் கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ் தளம் 2000 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆய்வின் பெயரைப் போட்டுத் தேடி, முதன்மை விளைவு என்று அவர்கள் முதலில் எழுதிவைத்ததும் கடைசியில் செய்தியில் வந்ததும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால், முதலில் எழுதியது தோற்றுப்போயிருக்கலாம்.

வெளிவராமலே போகும் ஆய்வுகளையும் இந்தப் பதிவுகளால்தான் பிடிக்க முடிகிறது. மன அழுத்த மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை 2008-ல் ஒரு குழு தேடிப் பார்த்தது. சாதகமான முடிவு வந்த 38-ல் 37 இதழ்களில் வெளிவந்திருந்தன. மீதி 36-ல் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகமானதுபோல் தோன்றும்படி எழுதப்பட்டிருந்தன. உள்ளது உள்ளபடி வந்தவை மூன்று.